தண்ணீர் என்று அண்ணி எழுதியிருந்த இடத்தில்

பெருமதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

கொழுந்தன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் ஓரகத்தியான என் மனைவி, மகள் மூவரும் சுகம். சமையலறை மட்டும் இப்போதுதான் தேறி வருகிறது. அங்கே அண்ணனின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இத்துடன் ஒரு பொட்டலத்தில் ஆறு சோப்புக் கட்டிகள் அனுப்பியிருக்கிறேன். பயப்பட வேண்டாம், இவை தண்ணீரில் செய்தவை.

இது நன்றி சொல்ல எழுதும் கடிதம். ஆனால் நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் அந்த நன்றி எவ்வளவு பெரியது என்று உங்களுக்குப் புரியும். என் மகள் பார்லரில் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அந்தக் கடையில் ஒரு சட்டம்: முதல் இரண்டு வருஷம் தலை அலசும் தொட்டியடியில்தான் நிற்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கத்தரிக்கோல் கைக்கு வரும். நாளுக்கு முப்பது தலை. அலசி அலசி விரல் இடுக்கெல்லாம் வெடித்து, சாப்பிட உட்கார்ந்தால் உப்புப் பட்டு அவள் கண் கலங்கிவிடும். தோல் டாக்டர் பார்த்துவிட்டு, "ஒண்ணு வேலைய விடணும், இல்ல சோப்பையாவது மாத்திப் பாக்கணும். மூணு மாசத்துல சரியாகலைன்னா வேலைய விட்டுத்தான் ஆகணும்" என்று சொல்லிவிட்டார். அவளுக்கோ கத்தரிக்கோல் என்றால் உயிர். சின்ன வயதிலேயே வீட்டிலிருந்த பொம்மைக்கெல்லாம் முடி வெட்டி மொட்டையாக்கியவள். அன்று டாக்டரிடமிருந்து வீடு வரும்வரை கைகளைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டே நடந்தாள்.

அந்த வாரம்தான், விஷயம் கேள்விப்பட்டு நீங்கள் அனுப்பிய, வீட்டிலேயே சோப்பு செய்யும் முறை உங்கள் கையெழுத்தில் இரண்டு பக்கமாக வந்து சேர்ந்தது. எண்ணெய் இவ்வளவு, காஸ்டிக் சோடா இவ்வளவு, அதைக் கரைக்கத் தண்ணீர் இவ்வளவு என்று கிராம் கணக்கில் எழுதி, கீழே ஒரு வரி சேர்த்திருந்தீர்கள்: "தண்ணீருக்குப் பதிலாக வேறு திரவமும் சேர்க்கலாம், ஆனால் முதல் நாலைந்து தடவை தண்ணீரிலேயே கை பழகட்டும்." நான் முப்பத்திரண்டு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவன், பிறர் எழுதியதில் குற்றம் கண்டே குடும்பம் நடத்தியவன். எனக்கு ஓய்வு கொடுத்தார்கள், என் சிவப்புப் பேனாவுக்கு யாரும் கொடுக்கவில்லை. உங்கள் இரண்டு பக்கத்தில் ஒரு பிழைகூட இல்லை என்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஆகவே "ஆனால்" என்பதில் தொடங்கி மீதி வரியை அநாவசியம் என்று அடித்தேன். மேலே "தண்ணீர்" என்பது சப்பென்று இருக்கிறதே என்று அதையும் அடித்துவிட்டு, பக்கத்தில் "பால்" என்று எழுதினேன். புண்ணான கைக்குப் போய் வெறும் தண்ணீரா என்ற ஆதங்கம்தானே தவிர, உங்கள்மேல் அவநம்பிக்கை இல்லை.

கையையும் கண்ணையும் காத்துக்கொள்ளச் சொல்லியிருந்தீர்கள். அதை மட்டும் நான் திருத்தவில்லை. கைக்கு ரப்பர் உறை, கண்ணுக்கு ஸ்கூட்டர் ஹெல்மெட், முன்கண்ணாடியையும் இறக்கிவிட்டேன். உங்கள் ஓரகத்தி வாசற்படியில் நின்று, "என்னங்க, சோப்பு பண்ணப் போறீங்களா, சண்டைக்குப் போறீங்களா?" என்றாள். வெதுவெதுப்பான பாலில் சோடாவைத் தூவினேனோ இல்லையோ, வெள்ளை மஞ்சளாகி, மஞ்சள் செங்கல் நிறமாகி, திப்பி திப்பியாகத் திரண்டு, ஒரு நாற்றம் கிளம்பியது பாருங்கள், ஹெல்மெட்டுக்குள் புகுந்தது வெளியே போக வழி தெரியாமல் என்னோடேயே தங்கிவிட்டது. கீழ்வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடியேறி வந்து, "சார், கக்கூஸ் குழாய் ஏதும் உடைஞ்சிருச்சா?" என்று கேட்டார். "இல்ல சார், சோப்பு" என்றேன். "சோப்பா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போய்விட்டார். நானும் விடவில்லை, எண்ணெயை ஊற்றிக் கிண்டி அச்சில் வார்த்தேன். நாலு வாரம் ஆறவிட்டும் நாற்றம் பாதிதான் குறைந்தது. மகளிடம் ஒரு கட்டியைக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தாள், பைக்குள் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். பாவம், என் எதிரில் எறிய மனமில்லாமல் போகிற வழியில் எறிந்திருப்பாள் என்று நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தப் பால் சோப்பு ஆறிக்கொண்டிருந்த நாலு வாரமும் நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஊதா நிறத்தில் சோப்பு வந்தால் மகள் சந்தோஷப்படுவாள் என்று திராட்சைச் சாற்றை எடுத்தேன். சோடா பட்டதும் ஊதா பச்சையானது, பச்சை பழுப்பானது. சாற்றிலிருந்த சர்க்கரைக்கும் சோடாவுக்கும் என்ன ஜென்மப் பகையோ, அச்சில் ஊற்றி மூடி வைத்த பிறகு கொதித்துப் பொங்கி, மூடியைத் தள்ளி, மேடையில் வழிந்து, இழுப்பறைக்குள் இறங்கி, அங்கிருந்த கரண்டிகளையெல்லாம் குளிப்பாட்டிவிட்டது. மூன்றாவதாகக் காப்பி டிகாக்‌ஷனை எடுத்தேன். அது மட்டும் இறுகி அழகாக வந்தது, காப்பி வாசனைதான் வரவில்லை. நானே முகம் கழுவித் துடைத்தேன், வெள்ளைத் துண்டில் என் முகம் அப்படியே பதிந்துவிட்டது. உங்கள் ஓரகத்தி அதை விரித்துப் பிடித்து, "அழுக்கு போகத்தானே சோப்பு? இது அழுக்கை அச்சடிச்சுல்ல குடுக்குது!" என்றாள். அச்சகத்தில் இருந்தவனிடம் இப்படிப் பேசலாமா அண்ணி?

வேறு வழியில்லாமல் அன்று உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. "தம்பி, சுடுற பால்ல அதைப் போட்டா கருகாம என்ன பண்ணும்? பாலுன்னா ஐஸா உறைய வச்சுல்ல கொஞ்சங் கொஞ்சமா போடணும். அதெல்லாம் அப்புறம். நான் எழுதினதை எழுதின மாதிரியே ஒரே ஒரு தடவை செஞ்சு பாருங்க. தண்ணின்னா தண்ணிதான்" என்றீர்கள். செய்தேன். தண்ணீரில் சோடா கரைந்தது, தெளிந்தது, ஆறியது. ஒரு பொங்கல் இல்லை, புகைச்சல் இல்லை, கீழ்வீட்டுக்காரர் வரவில்லை. எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. நாலு வாரம் கழித்து வெள்ளை வெளேரென்று கட்டிகளை அறுத்து மகளிடம் ஒன்று கொடுத்தேன். இருபது நாள்தான் ஆகிறது. நேற்று சாப்பிடும்போது அவள் விரல்களைப் பார்த்தேன், வெடிப்பெல்லாம் மூடி, குழந்தையாக இருந்தபோது பிடித்து நடந்த கைபோல் இருந்தது. டாக்டரும் வேலையை விட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அண்ணி, என் பெண்ணின் கை பிழைத்தது உங்களால். இந்த நன்றியை நான் எத்தனை பிறவி எடுத்தும் தீர்க்க முடியாது. இனி உங்கள் எழுத்தில் கை வைக்கமாட்டேன் என்று உங்கள் ஓரகத்தி முன்னால் சத்தியமும் செய்திருக்கிறேன்.

அண்ணனுக்கு என் வணக்கம். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், வழவழப்பான கைகளோடு நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அடக்கம் கற்றுக்கொண்ட உங்கள் கொழுந்தன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுமுன் பெருமையாக மகளிடம் படித்துக் காட்டினேன். பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் கொடுத்த தண்ணீர் சோப்பை அவள் இன்னும் பிரிக்கவே இல்லையாம். தினமும் கடையில் போட்டுக் கழுவிக்கொண்டது அந்தப் பால் சோப்பைத்தானாம். தொட்டியில் தலை சாய்ப்பவர்களின் மூக்கு அவள் கைக்கு நேர் கீழே அல்லவா இருக்கும்? இரண்டே வாரத்தில் வாடிக்கையாளர்கள் தொட்டிப் பக்கம் வர மறுத்திருக்கிறார்கள். முதலாளியம்மா, "உன் கையை வச்சுக்கிட்டு நீ தலை அலசினது போதும், பின்னால தள்ளி நின்னு முடி வெட்டு" என்று கத்தரிக்கோலைக் கையில் கொடுத்துவிட்டாராம். ஒன்றரை மாதமாக அவள் கை ஈரத்தில் நிற்கவே இல்லை, அதனால்தான் ஆறியிருக்கிறது. உங்கள் ஓரகத்திக்கு எல்லாம் தெரியும், எனக்குத்தான் சொல்லவில்லை. "ஏம்மா மறைச்சே?" என்றேன். "சொன்னா உங்க சோப்பு நாறுதுன்னும் சொல்லணுமேப்பா" என்றாள். "அப்படி நாறினதை ஏம்மா போட்டுக்கிட்டே?" என்றேன். "எனக்காக அந்த நாத்தத்துல நின்னு செஞ்சது. எப்படிப்பா தூக்கி எறியறது?" என்றாள்.

இப்போது விஷயம் என்னவென்றால், அந்தக் கட்டி தேய்ந்து கரண்டிக் காம்பளவுதான் மிச்சமாம். மற்ற பால் கட்டிகளை உங்கள் ஓரகத்தி அப்போதே குப்பையில் கொட்டிவிட்டாள். முதலாளியம்மா நேற்று மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "இப்ப பரவாயில்லையே, தொட்டிக்கே திரும்பிடறியா?" என்று கேட்டிருக்கிறார். ஆகவே அண்ணி, பாலை உறைய வைக்கும் முறை எனக்கு வேண்டாம். அன்று வந்த அதே நாற்றம் குறையாமல் வர, பால் எவ்வளவு சூட்டில் இருக்க வேண்டும் என்று தயவுசெய்து உடனே எழுதவும்.