டாக்டர் ஓரினுக்காக ஒரு பூசை

சேசு மரி சூசை துணை

மைசூர்,
12.10.1997

மார்டள்ளியில் இருக்கும் மதிப்புக்குரிய மச்சான் சவரியப்பன் அவர்களுக்கு, உங்கள் தங்கையைக் கட்டிய கொர்னேலியஸ் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நான், ரெஜினா, மகள் ஜேன் மூவரும் மாதா புண்ணியத்தில் சுகம். அங்கே அக்காள், பிள்ளைகள், கறவை மாடுகள் உட்பட அனைவரும் சுகமாயிருக்க வேண்டுகிறோம். சுகம் என்று எழுதியது மரியாதைக்கு. உண்மையில் என் மானம் கோயில் வாசலில் கிடக்கிறது.

எல்லாம் இந்தக் கேபிள்காரனால் வந்தது. ஹெப்பாள் ஃபாக்டரியில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவனுக்குப் பொழுது போகட்டும் என்று கனெக்‌ஷன் வாங்கினேன். அதில் வாராவாரம் ஒரு இங்கிலீஷ் தொடர். ஆகாயக் கப்பலாம். கப்பலா அது? இன்ஜின் ரூமில் ஒரு சொட்டு கிரீஸ் இல்லை, ஸ்பேனர் பிடித்தவன் ஒருத்தன் இல்லை, எல்லோரும் இஸ்திரி போட்ட பைஜாமாவில் உலாத்துகிறார்கள். கப்பலுக்கு ஒரு பொம்பளை கேப்டன். டாக்டர் ஓரின் என்று தாடிக்காரர் ஒருத்தர். இருவருக்கும் காதல். சரி, தொலையட்டும் என்று பார்த்தால், அந்த டாக்டருடைய கிரகத்தில் ஆளுக்கு ஒருமுறை பாம்பு மாதிரி சட்டை உரிப்பார்களாம். உரித்தபின் ஆண் பெண்ணாக வரலாம், பெண் ஆணாக வரலாம். தாடிக்காரர் உரித்தார், பொம்பளையாக வந்து நிற்கிறார்! கேப்டன் அம்மாள் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து, "எப்படி வந்தாலும் நீ நீதான்" என்கிறாள். இதை ஜேன்தான் எங்களுக்குத் தமிழில் சொன்னாள். அவளோடு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் தாரணியும் வாரம் தவறாமல் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும். நான் "கருமம், கருமம்" என்று தலையில் அடித்துக்கொண்டே ஒரு வாரம்கூட விடாமல் பார்த்தேன். வைவதற்காவது முழுசாகப் பார்க்க வேண்டும் அல்லவா?

உங்கள் தங்கை செய்த கூத்தைக் கேளுங்கள். தொடருக்காக முதலில் சாயங்கால ஜெபமாலையைத் தள்ளிவைத்தாள். சட்டை உரித்த டாக்டர் காய்ச்சல் கண்டு சாகக் கிடக்கிறார் என்றதும், அவரை ஜெபமாலைக்குள்ளேயே சேர்த்துக்கொண்டாள். "ஏண்டி, அது நடிப்புடி! அதுவும் ஆணா பொண்ணான்னே தெரியாத ஜென்மம்" என்றேன். "எதுவா இருந்தா என்னங்க, உசுருக்குப் போராடுதே" என்று கண்ணைத் துடைக்கிறாள். ஜெபத்துக்கு வந்த தெருப் பெண்கள், யாரோ எங்கள் சொந்தக்காரர் என்று நினைத்து, நல்ல மனசோடு கோயிலில் பூசை வேண்டுதலுக்குப் பேர் கொடுத்துவிட்டார்கள். ஞாயிறு பூசையில் சாமியார் மைக்கில் வாசிக்கிறார்: "நோயுற்றிருக்கும் டாக்டர் ஓரின் சுகம் பெற வேண்டி, கொர்னேலியஸ் குடும்பத்தார்." கோயிலே முழந்தாளில் நிற்கிறது. வெளியே வந்ததும் பாட்டுக்குழு லூர்தம்மா பிடித்துக்கொண்டாள்.

"பாவமுங்க, எந்த ஆஸ்பத்திரில வெச்சிருக்கீங்க?"

"ரொம்பத் தூரம்மா."

"பழம் வாங்கிட்டு ஒரெட்டுப் போய்ப் பாத்துட்டு வந்தர்றோமே?"

"அங்க பஸ் போகாதும்மா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன்.

இத்தனை ஜெபத்துக்கும் என்ன பலன்? டாக்டரைக் கொன்றுவிட்டார்கள், கோழைப் பயல்கள். ஆண் என்ன, பெண் என்ன, அன்புதான் பெரிசு என்று மாதக்கணக்கில் உபதேசம் செய்தான் அந்தத் தொடர்காரன். இரண்டு பெண்களைச் சேர்ந்து வாழவிட வேண்டிய நேரம் வந்ததும் கை நடுங்கிவிட்டது. கேப்டனுக்கு மறுவாரமே ஒரு மீசைக்காரன் தயார். மெஷினைப் பிரிக்கத் தெரிந்தவனுக்குப் பூட்டவும் தெரிய வேண்டாமா? ஜேனும் தாரணியும் கையைப் பிடித்துக்கொண்டு அப்படி அழுதார்கள். டிவிக்கு அழுகிற பெண்ணை இனியும் வீட்டில் வைத்திருப்பது சரியில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஆகவே நீங்கள் பார்த்துவைத்த ஹனூர் வாத்தியார் மாப்பிள்ளைக்கு எனக்குப் பூரண சம்மதம். வரும் ஞாயிறே கோயிலில் ஓலை வாசிக்கச் சொல்லுங்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று மூன்று வாரம் வாசித்துவிட்டால் தாலி கட்டவேண்டியதுதான் பாக்கி. ஜேனைக் கேட்க வேண்டியதில்லை. என் பேச்சை அவள் தட்டமாட்டாள்.

அக்காளுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நெற்றியில் என் பேரைச் சொல்லி ஒரு சிலுவை போடவும்.

இப்படிக்கு,
கொர்னேலியஸ்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது ஜேனும் தாரணியும் வந்து நின்றார்கள். விஷயத்தைச் சொன்னேன். "எனக்கு மாப்பிள்ளையே வேணாம்ப்பா. நானும் தாரணியுந்தான் ஒண்ணா இருக்கப்போறோம், கடைசிவரைக்கும்" என்றாள். நான் கத்தினேன், மச்சான். தெருவே கேட்கக் கத்தினேன். டிவிக்கு அப்படி அழுத பெண், பெற்ற அப்பன் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. உங்கள் தங்கை ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். என்ன வேண்டுகிறாள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. தொடர்காரனைக் கோழை என்று மேலே எழுதிவிட்டேன், இப்போது அதை அடித்துத் திருத்த மனம் வரவில்லை. ஓலை வேண்டாம். பெண்ணின் அப்பனுக்குப் பைத்தியம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிடுங்கள். அதையும் மீறி வாசித்தால், தடை அறிந்தவர் உண்டா என்று சாமியார் கேட்கும்போது எழுந்து நிற்பவன் நான்தான்.