அழிப்பதற்கு முன் மூன்று ஓலை

சிதறால்
ஞாயிறு மாலை

ஆண்டவருக்குள் அன்பான மகள் பெமிலாவுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம்; மஸ்கட்டில் நீயும் சுகம் என்று நம்புகிறேன். நீ வாங்கித் தந்த கம்ப்யூட்டருக்குத்தான் சுகமில்லை. மெயில் எழுதலாமென்று காலையில் திறந்தேன், வட்டம் சுற்றியது. ஆராதனைக்குப் போய்வந்த பிறகும் சுற்றியது. ஆகவே பேனாவை எடுத்தேன்.

"தேவையில்லாதத அப்பப்ப அழிச்சிரணும்ப்பா, இடம் இருந்தாத்தான் வேகமா ஓடும்" என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். கேட்காமல் இல்லை. நாம் கேட்காமலே குடியேறியிருந்த விளையாட்டுகளை முதல் மாதமே வெளியேற்றினேன்; திறந்ததும் தாமாக எழுந்துகொள்ளும் செயலிகள் எட்டையும் அடக்கினேன். ஆனால் ஒன்றை அடியோடு அழிப்பதென்றால் எனக்குக் கை வராது. பதினெட்டு வருடம் சபைச் செயலராக இருந்து, கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோவிலில் அறிவிப்பு ஓலை வாசித்து, யாருக்காவது தடை உண்டா என்று கேட்டுப் பழகியவன் நான். அதையே இங்கும் வைத்துக்கொண்டேன். அழிக்க வேண்டியவற்றின் பெயர்களைத் தாளில் எழுதி, மூன்று ஞாயிறு காலைச் சாப்பாட்டு மேசையில் எழுந்து நின்று வாசிப்பேன். சபையார் உன் அம்மா ஒருத்திதான். பழைய ரசீதுகளுக்குத் தடை இல்லை. ஞாயிறுதோறும் நீ வீடியோவில் பேசுவதை அவள் பதிந்து வைக்கிறாளே, அதை வாசித்தால் மட்டும் கையிலிருக்கும் கரண்டி கீழே இறங்கிவிடும்.

"அது எனக்க பிள்ளைக்க மொகம். ஒண்ணையும் களைய வேண்டாம், கேட்டியளா."

"நேசபாய், பழைய பெமிலா இடத்த அடைச்சிக் கிடந்தா புதிய பெமிலா எப்பிடி வருவா?"

"இந்தப் பழையவ நான் அமுக்குன உடனே வருவா. புதியவ டூட்டி இல்லாத அன்னைக்கில்லா வருவா."

தாளை மடித்து வைத்துவிட்டேன். ஆனால் போன ஞாயிறு பேசிக்கொண்டிருக்கும்போதே திரையில் நீ அசையாமல் நின்றுவிட்டாய். சிரிக்கப் போகிறாயா, அழப் போகிறாயா என்று தெரியாத இடத்தில் நின்றாய். போனில் கூப்பிட்டால் ஒன்றுமில்லை என்றாய். முகம் தெரியாமல் நீ ஒன்றுமில்லை என்றால் நாங்கள் நம்புவதில்லை, மகளே. அம்மா அன்று சாப்பிடவில்லை. ஆகவே புதன்கிழமை அவள் பெண்கள் ஐக்கியத்துக்குப் போனதும் அந்தப் பதிவுகளை நானே அழித்துவிடுவதென்று தீர்மானித்திருக்கிறேன். வீடு நிறைய அடைத்து வைப்பது அவள் குணம், எனக்கு அந்தப் பழக்கமில்லை. அவளிடம் சொல்லாதே.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அம்மா முத்தம் சொல்லச் சொன்னாள்.

அன்புள்ள அப்பா,
சத்தியநேசன்

பி.கு.: இது திங்கட்கிழமை. அம்மாவே கம்ப்யூட்டர் கடை லிஜியைக் கூட்டிவந்துவிட்டாள். அம்மாவின் பதிவுகள் ஒரு மூலையைத்தான் அடைத்துக் கிடக்கின்றனவாம். "சபைக் கூட்டக் குறிப்பு" என்று நான் பெயரிட்ட ஃபோல்டருக்குள் அந்தப் பதிவு ஒவ்வொன்றுக்கும் எட்டு நகல் இருப்பதை லிஜி சத்தமாக வாசித்தாள். அம்மா கைதவறி அழித்துவிட்டால் என்ன செய்வது என்று வாராவாரம் நான்தான் எடுத்து வைத்தேன். "அப்ப மூணு ஞாயிறா எனக்கு எதுக்கு வாசிச்சிய?" என்று மட்டும் அம்மா கேட்டாள். மேலே அவளைப்பற்றி எழுதியதை அடிக்கவும் கை வரவில்லை, அப்படியே அனுப்புகிறேன். நகல்கள் போய்விட்டன; இப்போது நன்றாக ஓடுகிறது. டூட்டி முடிந்ததும் கூப்பிடு. அழுதாலும் பரவாயில்லை, முகம் தெளிவாகத் தெரியும்.