கண்டக்டர் அக்காவும் என் லேமினேஷன் அட்டையும்

செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஒரு கலெக்டர் இருக்கிறார், ஒரு எஸ்.பி. இருக்கிறார். ஆனால் பெற்ற தகப்பனை அவன் பிள்ளையின் கண்ணெதிரிலேயே விசில் ஊதி நிறுத்தும் அதிகாரம் இந்த மாவட்டத்தில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அவர் கண்டக்டர் அக்கா. அந்த அதிகாரத்தை அவருக்கு யார் கொடுத்தது என்று கேட்காதீர்கள். கேட்டவர்களுக்கும் விசில்தான் கிடைத்தது.

நிஜமாகவே கண்டக்டராக இருந்தவர். அரசுப் பேருந்தில் டிரைவராக இருந்த கணவர் பணியில் இருக்கும்போதே இறந்துபோனார். வாரிசு வேலையாக வந்த தோல்பையை மாட்டிக்கொண்டு, செங்கல்பட்டு, மாமல்லபுரம், சென்னைத் தடங்களில் ஓய்வு பெறும்வரை நின்றுகொண்டே வேலை பார்த்தார் அக்கா. ஓய்வுக்குப் பிறகும் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காலி பஸ்ஸில் ஏறினாலும் பின்படிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எங்கள் வீட்டுக்கு வந்தால் காபியும் நின்றபடியேதான்.

"உக்காருங்கக்கா."

"நான் உக்காந்தா வண்டி எங்கனா நின்னுடும். வுடு நைனா."

அவரிடம் நாங்கள் மாட்டியது எங்கள் மகள் யாழினியால். அப்போது அவளுக்கு எட்டு வயது. ஒரு செருப்பைப் போட்டுவிட்டு அடுத்த செருப்பைத் தேடும் வழியில் ஒரு பூனை, ஒரு ரப்பர் பந்து, பக்கத்து வீட்டு மாடி என்று மூன்று ஊர் சுற்றிவிட்டு வருவாள். வரும்போது முதல் செருப்பும் இருக்காது. செங்கல்பட்டில் ஒரு டாக்டர் நிதானமாகப் பார்த்து, இது ஏ.டி.எச்.டி. என்றார். பிடிவாதமும் இல்லை, வளர்ப்புக் கோளாறும் இல்லை, அவள் மூளை கவனிக்கும் விதமே வேறு என்று விளக்கினார். மருந்து, மறுபரிசோதனை எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "உங்க ரெண்டு பேருக்கும் பயிற்சி வேணும்" என்றார்.

எனக்கா பயிற்சி? கல்பாக்கத்தில் என் வேலையே பாதுகாப்பு நடைமுறைகள் எழுதுவது. எந்த வால்வை எப்போது திறக்க வேண்டும், திறந்தபின் யாரிடம் சொல்ல வேண்டும் என்று படிப்படியாக எழுதிக் கையெழுத்து வாங்குகிறவன். அணு உலையையே அடக்கி வைத்திருக்கிறோம், மூன்றாம் வகுப்புப் பெண்ணை முடியாதா என்ற திமிரில், யாழினியின் காலை நேரத்துக்கு இருபத்து மூன்று படிகள் கொண்ட நடைமுறை ஒன்றைத் தயாரித்தேன். படி ஒன்று: கண் விழித்தல். படி பதினொன்று: வலது சாக்ஸ். படி பன்னிரண்டு: இடது சாக்ஸ். லேமினேஷன் செய்து அவள் கட்டிலுக்கு மேல் மாட்டினேன்.

யாழினி மூன்றாம் படிவரை மரியாதையாகப் படித்தாள். அன்று மாலை எங்கள் மாமல்லபுரம் கடற்கரை மணல்மேட்டின் உச்சியில் அந்த அட்டையின் மேல் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் வெளியூர்ப் பிள்ளைகள் ஏழெட்டு பேர் வரிசையில் நின்றார்கள். அட்டைக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. நல்ல லேமினேஷன்.

அதன் பிறகுதான் டாக்டர் சொன்ன பெற்றோர் பயிற்சிக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்போரூருக்குப் போனோம். மளிகைக்கடை மாடியில் ஒரு சின்ன ஹால். இருபது பெற்றோர்கள் உட்கார்ந்திருக்க, கழுத்தில் விசிலோடு அக்கா மட்டும் நின்றுகொண்டிருந்தார். நான் அட்டையை நீட்டினேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாது இது, ரேஷன் கடை போர்டா?"

"இல்லக்கா, பொண்ணு காலைல செய்ய வேண்டிய..."

"நைனா, நான் முப்பது வருஷம் கண்டக்டரு. மாபலிபுரத்துல வண்டி எடுத்த ஒடனே பூஞ்சேரி, தண்டலம், திருப்போரூர், கேளம்பாக்கம்னு எல்லாத்தையும் ஒரே மூச்சுல கத்துனா எவனாச்சும் கரெக்டா எறங்குவானா? அடுத்த ஸ்டாப்பிங் பேரு மட்டுந்தான் சொல்லணும். அது வந்தாதான் அதுக்கு அடுத்தது. நீ இன்னாடான்னா படுக்கையிலயே புள்ளைக்கு மெட்ராஸ் வரைக்கும் சொல்லிகினு கீற!"

ஹாலே சிரித்தது. என் மனைவி சுமதி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். அந்த அட்டையை அவள் ஆரம்பத்திலேயே எதிர்த்தவள்.

அக்காவின் சட்டம் இரண்டே வரி. ஒரு விசில் என்றால் நில். இரண்டு விசில் என்றால் போகலாம். இது பிள்ளைகளுக்கு இல்லை, பெற்றோருக்கு. குரலை உயர்த்தினால் ஒரு விசில். "பக்கத்து வீட்டுப் பொண்ணப் பாரு" என்று ஆரம்பித்தால் ஒரு விசில். மூச்சு அடங்கி, ஒரே ஒரு வார்த்தையில் சொல்லத் தயாரானால்தான் இரண்டு விசில்.

முதல் நாளே பரீட்சையும் வைத்தார். ஐந்து நிமிடம் கை கால் ஆட்டாமல், போனைத் தொடாமல் உட்கார வேண்டும். மனை விற்கும் ஒருவர் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை, பாக்கெட்டில் போன் நடுங்கியதும் அவரும் சேர்ந்து நடுங்கினார். ஒரு டீச்சரம்மா முன்னால் கிடந்த நோட்டைத் திருத்த ஆரம்பித்துவிட்டார். நான் போனைத் தொடவில்லை. பக்கத்தில் கோணலாகக் கிடந்த நாற்காலிகளை நேராக்கிக்கொண்டிருந்தேன் என்பது விசில் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"அஞ்சு நிமிசம் ஒன்னால முடியல. ஏழு பீரியடு அது உக்காரணுமா? மாத்திரை டாக்டரு பாத்துப்பாரு. மத்தது நம்ம வேல. புள்ள நல்லாத்தான் கீது, பேஜாரு நம்மகிட்டதான்."

வீட்டில் அன்றே அமலுக்கு வந்தது. "யாழினி, பல்லு." அவ்வளவுதான். பல் முடிந்ததா? "யாழினி, குளியல்." ஒரே வாரத்தில் எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் அது பொய். பல்லுக்கும் குளியலுக்கும் நடுவே பூனை இன்னும் இருக்கத்தான் செய்தது. ஆனால் காலையில் எங்கள் வீட்டில் அழுகைச் சத்தம் நின்றது. அதில் பாதி அழுகை என்னுடையது.

அக்கா கல்யாண வீட்டையும் விட்டு வைக்கவில்லை. திருப்போரூரில் ஒரு கல்யாணத்தில் யாழினி பந்திக்கும் மேடைக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்க, சுமதியின் பெரியப்பா சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடி, "ரெண்டு சாத்து சாத்தினா எல்லாம் அடங்கிடும்" என்று தீர்ப்புச் சொன்னார். பின்னாலிருந்து ஒரு விசில். பெரியப்பாவின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. பரிமாற வந்தவர் வாளியோடு நின்றார். நாதஸ்வரக்காரர்கூட ஒரு கணம் நிறுத்தினார் என்று சுமதி இன்றும் சாதிக்கிறாள்.

"ஐயா, சக்கர உனக்கு ஆவாதுன்னு உங்க வூட்டம்மா சொல்லினே கீது. எலையில ரெண்டு ஜாங்கிரி கீது. ஒன்ன எத்தினி சாத்து சாத்தலாம்?"

பெரியப்பா அதன் பிறகு எங்களோடு ஆறு மாதம் பேசவில்லை. அந்த ஆறு மாதமும் நிம்மதியாகப் போனது.

அக்கா எங்களுக்கு அடியோடு தடை செய்த வார்த்தை ஒன்று உண்டு: சாரி. நான் அந்த வார்த்தையில் டாக்டர் பட்டம் வாங்கியவன். அபார்ட்மெண்ட் வாட்ச்மேனிடம் சாரி, ஆட்டோக்காரரிடம் சாரி, யாழினி கோயில் மணியை ஏழு முறை அடித்ததற்கு முருகனிடமே சாரி. "புள்ள தப்பு பண்ணா, அந்தத் தப்புக்கு அது சாரி சொல்லட்டும். அது பொறந்ததுக்கு நீ சொல்லாத" என்பார் அக்கா. ஏன் இவ்வளவு கோபம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அந்த வருடக் கடைசியில் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. கல்பாக்கம் சாலையில் இருந்த தனியார் பள்ளி அது. பிரின்சிபால் போனில் ரொம்ப மரியாதையாகப் பேசினார். ஒரு கடிதம் தயாராக இருக்கிறதாம், வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு டி.சி. வாங்கிக்கொள்ளலாமாம். யாழினிக்கு அந்தப் பள்ளியில்தான் வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு தோழி கிடைத்திருந்தாள். சுமதி அன்று சாப்பிடவில்லை. நான் பதினொரு பக்கத்துக்கு ஒரு விளக்கக் குறிப்பு எழுதினேன்.

பள்ளிக்கு அக்காவும் வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கேட்டுக்கு முன்னால் நின்று, சாலையைப் பார்த்தபடி பேசினார்.

"நைனா, ஒண்ணு சொல்றேன். ஒரு மழ நாளு. வண்டி ஃபுல்லு. ஒரு பொம்பள, கூட ஒரு பொண்ணு. அந்தப் புள்ள நிக்காம குதிச்சுகினே கீது, பெல்லு கயித்த இழுத்துகினே கீது. ஆளாளுக்கு என்னாண்ட கத்துறான். நானு ரெண்டு பேரையும் திருக்கழுக்குன்றத்துக்கு முன்னால, ஒதுங்கறதுக்கு ஒரு கூரகூட இல்லாத எடத்துல எறக்கி வுட்டேன். டிக்கெட் எடுத்தவங்கள! அந்தம்மா என்ன ஒரு வார்த்த திட்டல. 'சாரிம்மா, சாரிம்மா'ன்னு சொல்லிகினே எறங்கிச்சு. அப்பால எனக்குப் பேத்தி பொறந்து, அவளும் இதே மாதிரி வளந்தப்பதான் நான் யார எறக்கி வுட்டேன்னு புரிஞ்சிச்சு. அந்த சாரி இன்னும் காதுல கீது."

கண்ணைத் துடைக்கவில்லை. விசிலைத் துடைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

பிரின்சிபால் கடிதத்தை மேஜையில் என் பக்கமாகத் தள்ளினார். "என் சொந்த விருப்பத்தின் பேரில் என் மகளின் மாற்றுச் சான்றிதழைக் கோருகிறேன்" என்று இருந்தது. யாருடைய சொந்த விருப்பம்? நான் பதினொரு பக்கத்தையும் வெளியே எடுத்தேன். என்னையறியாமல் வாய் திறந்தது.

"சாரி சார், அவளால உங்களுக்கு ரொம்ப..."

அறைக்குள் விசில் பறந்தது. பிரின்சிபால் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். வெளியே மைதானத்தில் விளையாட்டுப் பீரியடில் ஓடிக்கொண்டிருந்த மூன்றாம் வகுப்பு மொத்தமும் அப்படியே நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முதலில் நின்றவள் யாழினி. அவளுக்குத்தான் அந்த பாஷை தெரியும்.

"நைனா, பேப்பர மடி. ஒரு ஸ்டாப்பிங் மட்டும். ஒனக்கு இன்னா வோணும்?"

மடித்தேன்.

"கையெழுத்துப் போட மாட்டேன் சார். என் பொண்ணு இங்கதான் படிப்பா."

நானா சொன்னேன் என்று சுமதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிரின்சிபால் மற்ற பெற்றோர், டிசிப்ளின், ரிசல்ட் என்று வரிசையாக ஸ்டாப்பிங் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார். அக்கா நின்றபடியே கேட்டார்.

"சாரு, எட்டாவது வரைக்கும் புள்ளைய வெளிய அனுப்ப சட்டத்துல எடம் கெடையாது. அத்த வுடு. டிக்கெட் எடுத்த ஆள நடுவழில எறக்குறது பாவம். நான் எறக்கி வுட்டவ, எனக்குத் தெரியும். மொத பெஞ்சுல உக்கார வையி, ஒரு நேரத்துல ஒரு வேல சொல்லு, நடுவுல ஒருவாட்டி தண்ணி புடிச்சாரச் சொல்லு. இதுக்கு இன்னா பேஜாரு?"

ஓரமாக உட்கார்ந்திருந்த வகுப்பு டீச்சர் மெதுவாகக் கையைத் தூக்கினார். "நான் செஞ்சு பாக்கிறேன் சார்." பிரின்சிபால் எங்கள் நாலு பேரையும் பார்த்தார். கடிதத்தைக் கிழிக்கவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. எடுத்து மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். எனக்கு அது போதும்.

வெளியே வந்தால் மூன்றாம் வகுப்பு இன்னும் மைதானத்தில் சிலையாக நின்றுகொண்டிருந்தது. பி.டி. மாஸ்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்கா இரண்டு விசில் கொடுத்தார். எல்லாரும் ஓடினார்கள், எல்லோருக்கும் முன்னால் என் மகள்.

மாலை யாழினியையும் கூட்டிக்கொண்டு திருப்போரூர் பஸ் ஏறினோம். நாங்கள் மாமல்லபுரத்தில் இறங்க வேண்டும், அக்கா கடைசிவரை போக வேண்டும். பஸ் பாதி காலி. அக்கா வழக்கம்போலக் கம்பியைப் பிடித்து நின்றார். அன்று அவர் கால் வீங்கியிருந்ததை யாழினிதான் பார்த்தாள்.

"அக்கா, அடுத்த ஸ்டாப்பிங் வரைக்கும் மட்டும் உக்காருங்க."

அக்கா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். உட்கார்ந்தார். மணமை வந்தது. "இன்னும் ஒரே ஒரு ஸ்டாப்பிங்" என்றாள் யாழினி. அதற்கடுத்த நிறுத்தத்திலும் அதையே சொன்னாள். அப்படியே அக்கா அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். யாழினியின் கால் ஆடிக்கொண்டே இருந்தது, விரல் பையின் ஜிப்பை இழுத்து இழுத்து விட்டது. தோள் மட்டும் அசையவில்லை.

மாமல்லபுரம் வந்தது. "அப்பா, நம்ம ஸ்டாப்பிங்" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். நான் எழுந்திருக்கவில்லை. சுமதியும் எழுந்திருக்கவில்லை.

"இன்னா சார், மாபலிபுரம் எறங்கலியா?" என்றார் அந்த பஸ்ஸின் கண்டக்டர், விசிலை வாயருகே வைத்துக்கொண்டு.

"மெதுவா ஊதுங்க" என்றேன். "எங்க அக்காவ வீட்ல விட்டுட்டு வர்றோம்."