குழந்தை யேசுவின் தலையில் ஓர் ஓட்டை

"இது என்னாங்க இது?"

உபதேசியார் அருளப்பன் துணிப்பைக்குள் கைவிட்டு, செய்தித்தாளில் சுற்றியிருந்த குழந்தை யேசுவை வெளியே எடுத்து மேசைமேல் குப்புறப் படுக்க வைத்தார். உச்சந்தலையில், ஒரு பேனா முனை நுழையும் அளவுக்கு ஓட்டை.

குடோன் பொறுப்பாளர் விருத்தகிரி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பார்த்தார். பார்த்ததுமே புரிந்துவிட்டது. அது மயிலிறகு செருகும் ஓட்டை.

"காத்துப் போறதுக்குங்க. இல்லாட்டி சூளையில வெடிச்சிரும்."

"அதுக்கு முதுகுல ஒரு ஓட்டை இருக்குதே. தலையில எதுக்கு? நாப்பது பாலன் வாங்கிட்டுப் போனேன், நாப்பது பேருக்கும் தலையில ஓட்டை. கிறிஸ்துமஸ் குடில்ல வெச்சா ஜனங்க என்னான்னு கேக்க மாட்டாங்களா?"

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் ஹமீத் பாயின் பொம்மைக் கம்பெனிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆலிலைக் கிருஷ்ணனுக்கும் குழந்தை யேசுவுக்கும் தலையும் உடம்பும் ஒரே அச்சு. கைகளை மட்டும் மாற்றி ஒட்டுவார்கள். கீழே ஆலிலை வைத்தால் ஆவணி மாதத்துச் சரக்கு, வைக்கோல் வைத்தால் மார்கழி மாதத்துச் சரக்கு. சுடுவதற்கு முன்பு தலை ஓட்டையை ஈர மண்ணால் அடைக்க வேண்டியது பினிஷிங் கண்ணம்மாளின் வேலை. கண்ணம்மாள் ஒரு கல்யாணத்துக்காக நல்லூர் போன வாரத்தில் அடைக்க ஆளில்லாமல் போயிருக்கும் என்று விருத்தகிரி நினைத்துக்கொண்டார்.

இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் விருத்தகிரி நாலு மாதமாக அருளப்பனோடு ஒரு பெரிய வாதத்தில் இருந்தார். வாதத்தில் இருக்கிறவர் எப்படி மன்னிப்புக் கேட்பது?

வாதம் ஒரு வீடியோவில் தொடங்கியது. கிறிஸ்தவமே பழைய புராணங்களைப் பார்த்து எழுதியது என்று அதில் ஒருவர் அடித்துச் சொன்னார். குடில் பொம்மைக்கு ஆர்டர் கொடுக்க வந்த அருளப்பனிடம் விருத்தகிரி சும்மா அதைக் காட்டினார்.

"மித்ரன்னு பாரசீகத்து சாமிங்க. டிசம்பர் இருபத்தஞ்சு பொறந்தநாளு. கன்னி வயித்துல பொறந்தது. பன்னெண்டு சீடருங்க. எல்லாம் யேசுவுக்கு முன்னாடியே!"

அருளப்பன் ஆர்டரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் நாலு மணிக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார்.

"மித்ரன் பாறையிலேருந்து பொறந்தவருங்க. பாறை எப்படிங்க கன்னியாவும்? பன்னெண்டு சீடருன்னு சொன்னீங்களே, அந்தச் சிலையில சுத்தி இருக்குறது பன்னெண்டு ராசி. மேஷம், ரிஷபம். டிசம்பர் இருபத்தஞ்சுன்னு எங்க பைபிள்லயே கெடையாது. முந்நூறு வருஷம் கழிச்சு நாங்களா வெச்சிகிட்டது."

"அப்ப முன்னாடி அந்தத் தேதியில என்னா இருந்துச்சு? சூரியனுக்குத் திருவிழா!"

"அதை எழுதி வெச்ச ஏடும் அதே காலத்து ஏடுதாங்க. எது முந்தின்னு யாராலும் சொல்ல முடியல."

விருத்தகிரி இடது காதைத் தடவிக்கொண்டார். தோற்கும்போதெல்லாம் அவர் கை அங்கேதான் போகும். அந்தக் காதின் நுனி பிறவியிலேயே கொஞ்சம் மடிந்திருக்கும்.

அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு வாதம். எகிப்து வந்தது, கிரேக்கம் வந்தது. "கோணான்குப்பம் மாதாவுக்குப் பெரியநாயகின்னு பேரு. எங்க கோயில் அம்மன் பேருங்க அது!" என்று விருத்தகிரி ஒருநாள் மேசையைத் தட்டினார். "உங்க பேருக்குப் பழமலைன்னு அர்த்தம். அதுக்காக நீங்க மலையா?" என்றார் அருளப்பன். ஓரமாக உட்கார்ந்து பொம்மைகளின் ஒட்டுத் தடத்தை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருக்கும் கண்ணம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள்.

வீடியோ சொன்னதில் பாதி புளுகு என்பது விருத்தகிரிக்கு மூன்றாவது வாரமே தெரிந்துவிட்டது. தெரிந்தும் விடவில்லை. ஒப்புக்கொண்டால் வாதம் முடிந்துவிடும். வாதம் முடிந்தால் நாலு மணிக்கு யார் வருவார்?

பாலக்கரைப் பக்கத்து வீட்டில் அவர் ஒற்றை ஆள். மனைவி அம்புஜவல்லி போய் இரண்டு வருடம். முப்பது வருடமாக இதே கம்பெனியில் வேலை பார்த்தவள் என்பதால்தான் ஹமீத் பாய் அவருக்கு இந்த வேலையைக் கொடுத்தார். அவள் இங்கே என்ன செய்தாள் என்று அவர் கேட்டதில்லை. 'மண்ணு வேலை' என்று கடிதத்தில் எழுதுவாள், அவ்வளவுதான். அவர் சார்ஜாவில் இருபத்திரண்டு வருடம். விமானம் ஏறியபோது அவள் ஏழு மாதம். முதல் லீவில் வந்து இறங்கியபோது பையன் ஸ்கூல் பையோடு வாசலில் நின்று, "அம்மா, யாரோ வந்திருக்காங்க" என்று உள்ளே ஓடினான்.

அந்தப் பையன் சேரன் இப்போது ஓசூரில் இருக்கிறான். அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்தில் எதற்கோ பேச்சு தடித்து, "நான் கொழந்தையா இருக்கச்ச என் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னாவது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுப் போனவன்தான். பிறகு போன் இல்லை. 

அதனால் நாலு மணி அவருக்கு முக்கியம். ஓட்டை விஷயத்தை வாதத்துக்குள் வரவிடாமல் முடித்துவிட நினைத்தார்.

"நாளைக்குக் கொண்டாங்க. நானே அடைச்சுத் தரேன்."

மறுநாள் நாற்பது பாலன்களும் வந்தார்கள். சுட்ட பொம்மையில் ஈர மண் ஒட்டாது. விருத்தகிரி வெள்ளை சிமெண்டைக் குழைத்து ஒவ்வொரு தலையிலும் வைத்து அமுக்கினார். அளவு தெரியவில்லை. காய்ந்ததும் பார்த்தால் நாற்பது பேருக்கும் உச்சியில் சின்னதாக ஒரு கொண்டை.

"என்னாங்க, முனிவர் மாதிரி இருக்காரு?" என்றார் அருளப்பன்.

"ஒரு நிமிஷங்க" என்று விருத்தகிரி உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தார். கொண்டை கரைந்தது. கொண்டையோடு பெயிண்டும் கரைந்தது. பெயிண்டுக்குக் கீழே இன்னொரு பெயிண்டு இருந்தது. ஆவணியில் விற்காமல் தங்கிய சரக்கை இலையும் கையும் மாற்றி, மேலே ஒரு கோட்டிங் அடித்து டிசம்பருக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

குழந்தை யேசுவின் நெற்றியில் பளிச்சென்று நீலம்.

அருளப்பன் குனிந்து பார்த்தார். "ஏங்க நீலமா இருக்குது?"

பிரைமர் என்று சொல்லியிருக்கலாம். மிச்சமான பெயிண்டு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு மாதமாக ஒரு தடவைகூட ஜெயிக்காத மனிதரின் நாக்கு அது.

"கிருஷ்ணன்! கிருஷ்ணன் அச்சுங்க இது! மயிலிறகைப் புடுங்கிட்டு மேல வெள்ளை அடிச்சா உங்க யேசு! நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, மூலம் வேற எடத்துலன்னு. இந்தாங்க சாட்சி!"

அருளப்பன் பொம்மையைக் கையில் எடுத்து, அதன் பாதத்தைக் கட்டை விரலால் தடவினார்.

"இருவது வருஷமா கிறிஸ்துமஸ் பூசை முடிஞ்சதும் இதே பாலன் காலத்தான் நாங்க வரிசையில நின்னு உதடு வெச்சு முத்தி செய்யுறோம்" என்றார். "எம் பொண்டாட்டியும் கடைசியா முத்தி செஞ்சது இதத்தான்."

பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜெயித்த விருத்தகிரிக்குக் கை காதுக்குப் போனது.

அடுத்த நாள் நாலு மணிக்கு இரண்டு டீ வந்தது. ஒன்று ஆறியது. அதற்கடுத்த நாளும் ஆறியது. மூன்றாம் நாள் டீக்கடையிலிருந்து ஒரே டீதான் வந்தது. விருத்தகிரி அதைக் குடிக்காமல் எழுந்தார். வீட்டுக்குப் போய் டிவியைச் சத்தமாக வைத்தார். டிவியில் எல்லோரும் பேசினார்கள், அவரோடு யாரும் பேசவில்லை. நான் எதற்காக ஜெயித்தேன் என்று அழுகை வந்தது, கொஞ்சம் அழுதார்.

நாலாம் நாள் காலையிலேயே அவருக்கு ஒரு யோசனை. தோற்றுவிட வேண்டும். அதுவும் சாட்சியோடு தோற்க வேண்டும்.

குடோனின் பின்கட்டில் பழைய பிளாஸ்டர் அச்சுகள் மலையாகக் கிடந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் எதற்கான அச்சு, எந்த மாதம் என்று ஆணியால் கீறியிருப்பார்கள். மத்தியானம் வரை புரட்டினார். சட்டையும் தலைமயிரும் வெள்ளையாகிவிட்டன. கிடைத்த கிருஷ்ணன் அச்சுகளில் பழையது தொண்ணூற்று ஐந்து. யேசு அச்சு ஒன்று, கார்த்திகை தொண்ணூற்று மூன்று. யேசுதான் மூத்தவர்!

விருத்தகிரி அந்த அச்சைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். வாசலில் அருளப்பன் ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். அவர் கையிலும் ஒரு துணிப்பை.

"உபதேசியாரே, நான் தோத்துட்டேங்க! யேசு தொண்ணூத்தி மூணு, கிருஷ்ணன் தொண்ணூத்தி அஞ்சு. நாங்கதான் உங்களப் பாத்து காப்பி அடிச்சது!"

அருளப்பனின் முகம் சுருங்கியது. "அப்படிச் சொல்லாதீங்க. தோத்தது நானுங்க."

"நீங்க எப்படித் தோப்பீங்க?"

"ஸ்ரீமுஷ்ணத்துல என்கூடப் படிச்சவரு வூட்டுக்குப் போயிட்டு வரேன். அவங்க வூட்டுக் கொலு பொம்மைப் பொட்டியில இது இருந்துச்சு." பையிலிருந்து ஓர் ஆலிலைக் கிருஷ்ணனை எடுத்தார். அதே மூக்கு, அதே கன்னம். "முதுகப் பாருங்க. ஆவணி தொண்ணூத்தி மூணு. உங்க அச்சுக்கு மூணு மாசம் முந்தி. கிருஷ்ணன்தாங்க மூலம்."

"இல்லீங்க, யேசுதான்."

"கிருஷ்ணன்தாங்கறேன்!"

"பஸ்ஸு ஏறிப் போயி தோக்குறதுக்கு சாட்சி தேடுவாங்களா ஒருத்தரு?"

"நீங்க மட்டும் ஒடம்பெல்லாம் பிளாஸ்டரோட நிக்கறீங்களே, அது எதுக்காம்?" அருளப்பனின் குரல் கம்மியது. "நாலு மணி ஆனா காலு தானா இங்க கெளம்புதுங்க. வூட்டுல பேச யாரு இருக்காங்க? மக கன்னியாஸ்திரியா ராஞ்சியில. மூணு நாளா நோட்டத் தொறந்து வெச்சிகிட்டு செவுத்தப் பாத்துப் பேசிட்டிருந்தேன்."

விருத்தகிரிக்கு மனசு நிறைந்துவிட்டது. நிறைந்த மனசோடு இன்னும் பலமாகச் சண்டை போட்டார். "எங்கிட்ட இருக்குறது அச்சு! அச்சுதான் மூலம்! பொம்மைல யாரு வேணும்னாலும் தேதி கீறலாம்!"

"அப்ப நான் பொய் சொல்றனா?"

இருவரும் சத்தம் போட்டபடியே உள்ளே வந்தார்கள். பேக்கிங் பெண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஆபீஸ் அறையிலிருந்து ஹமீத் பாய் வெளியே வந்தார்.

"ஆண்டவன் பேர்ல சண்ட போடுறதா இருந்தா ரோட்டுல போய்ப் போடுங்க. உள்ள பூரா பீங்கான் இருக்குது."

"சண்ட இல்ல பாய். ஒரே ஒரு கேள்வி. மொதல்ல வந்தது கிருஷ்ணனா, யேசுவா?" என்றார் விருத்தகிரி.

"எங்க அத்தா காலத்து மாடலு. எனக்கு என்னா தெரியும்? எனக்கு ரெண்டும் ஒரே டஜன் வெலதான்."

அருளப்பன் யேசுவையும் கிருஷ்ணனையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தார். "அச்சு ஒண்ணுதாங்கறதுல சந்தேகமே இல்ல. இதோ பாருங்க, ரெண்டுக்கும் இடது காது நுனி மடிஞ்சிருக்குது. எவனோ மாடல் செஞ்சவன் கைதவறிப் போயிருக்கான். அந்தக் கொறை இத்தினி வருஷமா அப்படியே வந்துட்டிருக்குது."

"அந்த ஆளு இருந்தா கேட்டுடலாம்" என்றார் விருத்தகிரி. "என்னாத்தப் பாத்துச் செஞ்சான்னு."

ஓரத்திலிருந்து கண்ணம்மாள் எழுந்தாள். ஈரப் பஞ்சைத் தட்டில் போட்டுவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள். நாலு மாதத்தில் அவள் இந்தப் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை.

"நீங்க ரோமாபுரி, பாரசீகம்னு பேசினப்பல்லாம் நமக்கு என்னா தெரியும்னு இருந்தேங்க. இந்தப் பொம்மையப் பத்தித்தான் சண்டைன்னு இன்னிக்குத்தான் புரியுது. அதச் செஞ்சது ஆம்பள ஆளு இல்ல. கைதவறவும் இல்ல."

"பின்ன யாரு? கிருஷ்ணனா செஞ்சாங்களா, யேசுவா செஞ்சாங்களா?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

கண்ணம்மாள் நெற்றியில் நீலம் தெரிந்த குழந்தையை எடுத்து, மடிந்த காதிலிருந்த தூசியைக் கட்டை விரலால் துடைத்து, விருத்தகிரியின் கையில் வைத்தாள்.

"ரெண்டும் இல்லீங்கண்ணே. நீங்க சார்ஜாவுல இருந்தப்ப, பெத்த புள்ள மூஞ்சிய அவரு பாக்கலியேன்னு அம்புஜக்கா மடியில படுக்கப் போட்டுகிட்டுப் பாத்துப் பாத்து மண்ணுல புடிச்சது. ஆறு மாசத்துல நம்ம சேரன்."