கஸ்டம்ஸில் மாட்டிய கரண்டி

எங்கள் தெரு 'டபுள் விசில்' அண்ணனைப் போல இன்னொரு மனிதரை, செஞ்சிக்கோட்டையின் மூன்று மலையையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர். அமாவாசை தோறும் மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸில், எறும்பு ஏற இடமில்லாத இடத்தில் ஒரு கல்யாணக் கூட்டத்தையே ஏற்றியவர். வேலை போனாலும் விசில் போகவில்லை. மனைவி அஞ்சலை அக்கா கடைக்குக் கிளம்பினால் வாசலிலிருந்து ரெண்டு விசில் கொடுப்பார். எங்கள் வீட்டுப் பூஜைக்கு நாலு பேர் வந்தால், "உள்ள போ, உள்ள போ, சாமி பக்கம் காலியாத்தான் இருக்குது!" என்பார். தீபாராதனை காட்டிக்கொண்டே நான் சிரித்துவிடுவேன். அம்மன் மன்னிப்பாள்.

அஞ்சலை அக்காவுக்குக் கை நடுக்கம் வந்தது. ஒரு வளைகாப்புப் பந்தியில் பக்கத்து அம்மாளின் பட்டுப் புடவையில் ரசம் சிந்திவிட்டது. அதிலிருந்து அக்கா வெளியே எங்கும் சாப்பிட உட்காருவதில்லை. அந்த நேரம் பார்த்து அனந்தபுரத்தில் அக்காவின் தம்பி மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். அத்தை பந்தியில் உட்காராவிட்டால் அந்தப் பெண் அழுதுவிடும்.

அண்ணன் போனைத் தடவித் தடவி ஒரு கரண்டியைக் கண்டுபிடித்தார். கை ஆடினாலும் அது ஆடாதாம். விற்கிறவன் வெளிநாட்டில் இருந்தான். ஆர்டர் போட்ட பிறகுதான் பில்லைப் பார்த்தார். அனுப்புகிற கூலி கரண்டி விலையைத் தாண்டி நின்றது.

"தங்கச்சி, நானும் கோழிக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டவன்தான். கோழி வெலைய விட அதிகமா என்னிக்காவது போட்டிருப்பனா?"

அன்று முதல் அந்தப் பார்சல் அவருக்கு பஸ் ஆகிவிட்டது. காலையில் சாமி கும்பிடக் கண்ணை மூடினால் மதில் தாண்டி அறிவிப்பு வரும். "சிங்கப்பூர் ஸ்டாப்பிங்ல நிக்குது தங்கச்சி! டிரைவர் டீ குடிக்க எறங்கியிருப்பான்!" நாலு நாள் கழித்தும் சிங்கப்பூர்தான். "இன்னா டீ குடிக்கறான், தோட்டத்தையே குடிக்கறானா?"

ஒருவழியாக சென்னை வந்தது. வந்து, கஸ்டம்ஸில் நின்றுவிட்டது. வரி கட்டச் சொல்லி மெசேஜ்.

"செக்கிங் ஏறிட்டான் தங்கச்சி! டிக்கெட் எடுத்தவன்கிட்டயே ஃபைன் கேக்கறான்!"

திட்டிக்கொண்டே கட்டினார். கட்டியும் நகரவில்லை. கூரியர் கம்பெனிக்குப் போன் போட்டார். "யம்மா, டிரைவர் நம்பர் குடு, நான் பேசிக்கறேன்." அந்தப் பக்கத்துப் பெண், "சார், அது ஃபிளைட்டுல வந்தது சார்" என்றது. "ஃபிளைட்டு டிரைவர் நம்பரத்தான் கேக்கறேன்!"

கடைசியில் எங்கள் தெரு மாரியம்மன் கோயிலுக்குப் போனார். பிள்ளை வரம் கேட்கிறவர்கள் தொட்டில் கட்டுகிற வேப்பமரம் அங்கே உண்டு. அதில் மஞ்சள் கயிற்றால் ஒரு சின்ன அட்டைப் பெட்டியைக் கட்டினார்.

"யோவ் கண்டக்டரு, இன்னாய்யா இது?" என்றார் பூசாரி.

"தொட்டில் கட்டினா புள்ள வருதில்ல? பெட்டி கட்டினா பார்சல் வராதா?"

பூசாரி கொஞ்சம் யோசித்தார். பிறகு பெட்டிக்கும் குங்குமம் வைத்தார். நானும் ஒரு எலுமிச்சம்பழ விளக்கு ஏற்றினேன். கிண்டலுக்கு இல்லை, மனசாரத்தான்.

கல்யாணத்தன்று காலையிலும் போன் கஸ்டம்ஸ் என்றே சொன்னது.

"நான் வரலய்யா. ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடு" என்று அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"ஆள் ஏறாம வண்டிய எடுக்கறதில்ல. எழுந்துரு" என்றார் அண்ணன்.

எப்படியோ அழைத்து வந்துவிட்டார். பந்தியில் நான் அவர்களுக்கு எதிர் வரிசை. இலையில் சாம்பார் விழுந்தது. அக்கா கையை நீட்டினார். விரல்கள் ஆடின. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது.

அப்போது அண்ணன் ஒரு கவளம் எடுத்தார். அவர் கை, குண்டும் குழியுமான ரோட்டில் ஓடும் டவுன் பஸ்ஸைப் போல ஆடியது. பாதிச் சோறு சட்டையில். அடுத்த கவளம் மீசையில். பாயசம் நேராக மடிக்கே போனது. ஓடுகிற பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நின்று சில்லறை எண்ணிக் கொடுத்த கை அது. பந்தியே திரும்பிப் பார்த்தது.

"இன்னா மாமா, தரையில உக்காந்தும் வண்டி ஆடுதா?" என்றான் ஒரு மாப்பிள்ளைத் தோழன்.

"ரோடு போட்டவன் கமிஷன் அடிச்சிட்டான் மாப்ள!"

கொல்லென்று சிரிப்பு. அந்தச் சத்தத்துக்குள் அக்கா பதறியது எனக்குக் கேட்டது. "யோவ், இன்னாய்யா பண்ற? புது வேட்டிய்யா!"

"நீ சாப்டு. உன்ன எவனும் பாக்கல. எல்லாம் என்னத்தான் பாக்கறாங்க."

அக்கா அவரையே ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே இலையில் கை வைத்தார். சிந்தியது. ஒருவரும் கவனிக்கவில்லை. இன்னொரு அப்பளம் கூடக் கேட்டு வாங்கினார்.

அந்தக் கரண்டி, மணமக்கள் மறுவீடு போய் வந்த பிறகு ஒருநாள் வந்து சேர்ந்தது. நல்ல கரண்டிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்குப் பந்தியில், மீசையில் பருக்கையோடு உட்கார்ந்திருந்த அந்த மனிதரைப் பார்த்து எனக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. கை எச்சிலாக இருந்ததால் மனசுக்குள்ளேயே கும்பிட்டுக்கொண்டேன்.