பஸ் ஏறிப் போய் யோசித்தவர்

சீட்டாட்டத்தின் நடுவே, யோசிப்பதற்காகப் பஸ் ஏறிப் போன ஒரே மனிதர் இந்தப் பூலோகத்தில் எங்கள் 'செத்த நேரம்' அண்ணன்தான். கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். டிக்கெட்டை நானே பார்த்தேன்.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் நான் எலக்ட்ரீஷியனாகக் குப்பை கொட்டிய காலம். அவர் எனக்கு சீனியர். எங்கள் குவார்ட்டர்ஸில் எந்தத் தகராறையும் சீட்டுதான் தீர்த்துவைக்கும். ஜன்னலோரக் கட்டில் யாருக்கு, தண்ணீர்த் தொட்டியை யார் கழுவுவது, எல்லாவற்றுக்கும் போக்கர். கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினீயரிங் படித்துவிட்டு வந்த சூப்பர்வைசர் அதை செல்போனில் பழகி எங்களுக்கும் ஒட்டவைத்துவிட்டார். காசு கிடையாது. நூல் சுற்றும் காலிக் கோன்கள்தான் பந்தயம்.

கையில் ரெண்டு சீட்டு. நடுவில் வைக்கும் அஞ்சு சீட்டு பிறகுதான் திறக்கும். திறப்பதற்கு முன்பே ஒருவர் கோன்களை அள்ளி முன்னால் தள்ளினால் அது பெரிய ரைஸ். எதிராளி சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கலாம், அல்லது தானும் தள்ளி மோதலாம். மற்றவர்கள் தலையைச் சொறிந்துவிட்டு முடிவு சொல்வார்கள். அண்ணன் மட்டும் சீட்டைக் கவிழ்த்து, அதன்மேல் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்து, "செத்த நேரம் இருங்கப்பா, வாரேன்" என்று எழுந்துவிடுவார். முகம் கழுவுவார். டீ குடிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்கே பஸ் ஏறி, மடவார் வளாகம் கோயிலில் கும்பிட்டுவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு வந்து உட்கார்ந்து, "எனக்கு வேணாம்ப்பா" என்று சீட்டைப் போட்டார். நாங்கள் அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டு அந்தக் கண்ணாடிக் கூட்டைக் காவல் காத்துக்கொண்டிருந்தோம்.

பெரிய ரைஸ் என்றால் கடைசியில் ஒதுங்கிவிடுவார். அது ஊரறிந்த விஷயம்.

அந்த வருஷம் எனக்குத் தலை தீபாவளி. நாகர்கோவிலில் மாமனார் தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். மேனேஜரோ, "எலக்ட்ரீஷியன் நீங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் ஜெனரேட்டர் பக்கத்துல இருந்தே ஆகணும், பேசிக்கோங்க" என்று போய்விட்டார். பேசுவதா? சீட்டை எடுத்தோம். ஜெயித்தவருக்கு லீவு.

அண்ணனுக்கும் ஊருக்குப் போக வேண்டும். ஆலங்குளத்தில் மகளோடு சரவெடி கொளுத்தவே வருஷம் பூராவும் உயிர் வாழ்கிறவர் அவர். நூல் மில்லுக்குள் தீக்குச்சிகூட உரச முடியாது.

இருவரிடமும் கோன்கள் சமமாக இருந்தபோது எனக்கு வந்தது ஏழும் ரெண்டும். போக்கரில் அதைவிடத் தரித்திரம் பிடித்த கை கிடையாது. ஆனால் எதிரே இருப்பது யார்? தைரியமாக அத்தனை கோனையும் தள்ளினேன்.

அண்ணன் எழுந்திருக்கவில்லை. கண்ணாடிக் கூட்டைத் தொடவில்லை. "மோதிப் பாப்போம்" என்று தன் கோன்களையும் தள்ளினார்.

சூப்பர்வைசர் கையிலிருந்த டீ டம்ளர் கீழே விழுந்தது. நடுச்சீட்டு அஞ்சும் திறந்தன; எதுவும் என் சீட்டோடு ஜோடி சேரவில்லை. அவரிடம் இருந்தது ஒரு ராணியும் ஒரு நாலும்; அவருக்கும் ஜோடி இல்லை. என்னைத் தோற்கடிக்க அந்த ராணியே போதுமாக இருந்தது.

"எப்படிண்ணே?" என்றேன்.

"நல்ல சீட்டு வச்சிருக்கவன் சீட்டப் பாப்பான். நீ போன்ல பொண்டாட்டி போட்டோவப் பாத்துட்டுல்லா தள்ளுன?"

"தெரிஞ்சிருந்தா ஒதுங்கியிருக்கலாம்லண்ணே?"

"ஏலே, ஏமாத்துறான்னு தெரிஞ்ச பொறவும் ஒதுங்குனா அதுக்குப் பேரு விளையாட்டா? செத்த நேரம் இரு, வாரேன்" என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

போனவர் திரும்பவேயில்லை. ஊருக்கே போய்விட்டார் என்று முடிவு செய்து, மனைவியிடம் சொல்ல வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு சிதறிக் கிடந்த கோன்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். வெயில் தாழ்ந்த பிறகு வந்தார். கையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா டப்பா.

"மாமியார் வீட்டுக்கு வெறுங்கையோட போவாத."

"எனக்குத்தான் லீவு இல்லியேண்ணே?"

"ஜெயிச்ச லீவு என்னுது. அத என்ன செய்யன்னுதான் பஸ்ல போயி யோசிச்சேன். கெளம்பு."

தீபாவளியன்று விடிந்ததும் மாமனார் வாசல் நெடுகச் சரவெடியை விரித்து, ஊதுபத்தியை என் கையில் கொடுத்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. எனக்குக் கை வரவில்லை. "செத்த நேரம் இருங்க மாமா" என்றேன். ஆலங்குளத்துக்குப் போன் போட்டு அண்ணன் மகளையும், மில்லுக்குப் போன் போட்டு அவரையும் ஒரே லைனில் சேர்த்து, போனைச் சரவெடிப் பக்கம் நீட்டிக்கொண்டு கொளுத்தினேன்.