கரையில் நின்று ஓட்டுகிறவர்

வண்டி ஓட்டுகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. வண்டிக்குள் உட்கார்ந்து ஓட்டுகிறவர்கள் ஒரு ரகம்; கரையில் நின்று ஓட்டுகிறவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்துக்குச் சர்க்கார் லைசென்ஸ் கொடுக்கிறது. இரண்டாவது ரகத்துக்கு யாரும் கொடுக்க வேண்டியதில்லை. பிறக்கும்போதே கையோடு கொண்டு வந்துவிடுகிறார்கள்.

இந்த இரண்டாவது ரகத்தைக் கண்ணாரப் பார்க்க வேண்டுமானால் ஐப்பசி, கார்த்திகையில் திண்டிவனம் பக்கம் வந்து பாருங்கள். இரண்டு நாள் மழை பிடித்தால் போதும், தரைப்பாலங்களின்மேல் ஓடைகள் புரண்டு ஓடும். தண்ணீர் ரோட்டில் ஏறியதும் முதலில் வந்து நிற்கிறவர் யார்? தாசில்தாரா? போலீஸ்காரரா? அவர்கள் வெள்ளம் வடிந்த பிறகு வருவார்கள். முதலில் வருகிறவர் நம்முடைய ஆள்தான். வந்ததும் வாயிலிருக்கும் வெற்றிலைச் சாற்றைத் தண்ணீரில் உமிழ்வார். அந்தச் சிவப்பு எவ்வளவு ஜல்தியாகக் கரைந்து போகிறது என்று கண்ணை இடுக்கிப் பார்ப்பார். இழுப்பை அளந்தாயிற்று. ஆழம் எவ்வளவு என்று கேட்டால், "முழங்கால்தான், போலாம்" என்பார். யாருடைய முழங்கால் என்று நீங்கள் கேட்கக் கூடாது. அவர் இன்னும் காலை நனைக்கவே இல்லை.

வண்டி அக்கரை சேர்ந்துவிட்டால், "பாத்தியா, நான் சொன்ன மாதிரியே போனான்" என்பார். நடுவில் மாட்டிக்கொண்டால், "பாத்தியா, நான் சொன்னத கேக்கல" என்பார். வண்டி எந்தப் பக்கம் போனாலும் அவர் தோற்பதில்லை. இப்படி ஒரு உத்தியோகம் உலகத்தில் வேறு உண்டா, சொல்லுங்கள்!

கிளியனூர் போகிற ரோட்டில் ஒரு தரைப்பாலத்துக்கு இந்த உத்தியோகத்தைப் பார்த்து வந்தவர் கோதண்டபாணி. மல்லாட்டைத் தரகர்; வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். அவர் மோட்டார் ஓட்டியதில்லை. மாட்டு வண்டிகூட மாடு தானாகப் போனால்தான் போகும். ஆனால் விழுப்புரம் பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்து இடத்தில் பல தடவை உட்கார்ந்து வந்திருக்கிறார். டிரைவர் கியர் போடும்போதெல்லாம் இவரும் தம் தொடையை அழுத்திக்கொள்வார். அவ்வளவு பழக்கம் போதாதா?

சண்டை முடிந்து பட்டாளத்து ஜீப்புகளை ஏலம் விட்டார்களே, அந்த வருஷத்து ஐப்பசியில் ஒரு முகூர்த்த நாள். வல்லத்திலிருந்து கிளியனூருக்கு ஒரு கல்யாணப் பெண் வந்துகொண்டிருந்தாள். அம்சவள்ளி என்று பெயர். சொந்தக்காரர்கள் எல்லாரும் முதல் நாளே, மழைக்கு முன்னால், கூண்டு வண்டிகளில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பெண்ணுக்கு மட்டும் வீட்டைவிட்டுக் கிளம்ப நல்ல நேரம் மறுநாள் விடியற்காலையில்தான் என்று தாய்மாமன் கிருஷ்ணசாமி பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். நல்ல நேரத்தில் கிளம்பினார்கள். நல்ல மழையில் மாட்டிக்கொண்டார்கள். திண்டிவனத்தில் ஒரு மில்காரரின் ஜீப்பைக் கேட்டு வாங்கிப் பெண்ணைப் பின்னால் டிரங்குப் பெட்டியோடு உட்கார வைத்து, மாமன் முன்னால் ஏறிக்கொண்டார். ஓட்டியவன் தாண்டவராயன். பர்மா எல்லையில் பட்டாளத்து லாரி ஓட்டிவிட்டு வந்தவன், அதிகம் பேசாதவன்.

இந்தக் கல்யாணம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அம்சவள்ளிக்கு முன்பு ஒரு இடம் பேசி, பரிசம் போடுகிற அன்றைக்கு அந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் காலமாகிவிட்டார். அவருக்கு வயது எண்பதுக்கு மேல். இருந்தாலும் பழி யார்மேல் விழுந்தது? பெண்மேல்தான். "ராசியில்லாத பொண்ணு" என்று ஊர் முழுக்கப் பேச்சு. இந்த மாப்பிள்ளை பிடித்த பிடியில் நின்றதால் அவனுடைய தாயார் குப்பம்மாள் அரை மனசாக ஒத்துக்கொண்டாள். "இனிமே ஒரு அபசகுனம் என் கண்ணுல பட்டுச்சோ, தாலி என் பெட்டியிலதான் இருக்கும்" என்றும் சொல்லி வைத்திருந்தாள். அந்தக் குப்பம்மாள் இப்போது ஆரத்தித் தட்டோடு, தாழம்பூக் குடைக்குக் கீழே, ஓடையின் அக்கரையில் வந்து நின்றிருந்தாள். முகூர்த்தத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

இக்கரையில் யார் நின்றிருந்தார் என்று நான் சொல்ல வேண்டுமா?

தாண்டவராயன் ஜீப்பை நிறுத்தினான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு கழியோடு தண்ணீரில் இறங்கி, இரண்டு பக்கத்து வெள்ளைக் கற்களுக்கு நடுவே குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே பாதி தூரம் போய்த் திரும்பினான். ரோடு இருந்தது, தண்ணீர் தொடைக்குக் கீழே இருந்தது. எஞ்சின் மூடியைத் திறந்து விசிறியின் பெல்ட்டைக் கழற்றினான். விசிறி சுற்றினால் தண்ணீரை வாரி எஞ்சின்மேல் இறைத்துவிடும் அல்லவா, அதற்காக.

"இன்னாப்பா, பெல்ட்ட கழட்டுற?" என்றார் கோதண்டபாணி.

"தண்ணியில போறப்ப கழட்டணுங்க."

"எனக்கா சொல்ற? விழுப்புரம் பஸ்ஸுல ஒரு நாளும் கழட்டி நான் பாத்ததில்ல. நான் சொல்றத கேளு. ஒரே மிதி! பறக்க வுடணும்! தண்ணிக்கு யோசிக்க நேரம் குடுக்கக் கூடாது!"

"வேகமா போனா தண்ணி மேல ஏறிடுங்க. மெதுவா, காலெடுக்காம போவணும்."

"நானா இருந்தா..." என்று தொடங்கினார் கோதண்டபாணி. அவராக இருந்தால் என்ன செய்திருப்பார் என்பதைக் கேட்க ஜீப் நிற்கவில்லை.

நான்கு சக்கரமும் இழுக்க, முதல் கியரில், ஒரே சீராக உறுமிக்கொண்டு ஜீப் இறங்கியது. மூக்குக்கு முன்னால் தண்ணீர் சின்ன அலையாக மடிந்து விலகியது. கோதண்டபாணிக்கு இது தாங்கவில்லை. தம் யோசனை இல்லாமல் ஒரு வண்டி ஒழுங்காகப் போவதை எந்தக் கரைக்காரர்தான் பொறுத்துக்கொள்வார்? தொண்டை கிழியக் கத்தினார்:

"ஏ டிரைவரு! நில்லு! பெல்ட்ட மாட்டாம எங்கய்யா போற?"

அடடா! புறப்பட்டுப் போகிறவரைப் பின்னால் கூப்பிடுவதே தப்பு. எங்கே போகிறாய் என்று கேட்பது அதைவிடத் தப்பு. ஒரே மூச்சில் இரண்டையும் செய்து முடித்துவிட்டார் மனுஷர்!

முன் இடத்தில் இருந்த கிருஷ்ணசாமிக்கு முகம் வெளிறிவிட்டது. "ஐயய்யோ! பின்னால கூப்டுட்டாரே! நிறுத்துப்பா, நிறுத்து! திரும்பிப் போய் செத்த உக்காந்து, ஒரு முழுங்கு தண்ணி குடிச்சிட்டுதான் கிளம்பணும்!"

"ஐயா, இங்க நின்னா எஞ்சின் செத்துடுங்க!"

"கல்யாணக் காரியம்டா! திருப்புடா!" என்று கிருஷ்ணசாமி ஸ்டியரிங்கையே பிடித்து இழுத்தார். வெள்ளத்தின் நட்டநடுவில், திரும்ப இடமில்லாத ஒரு வண்டியைத் தண்ணீர் குடிப்பதற்காகத் திருப்பச் சொன்ன மகானுபாவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். தாண்டவராயன் அவர் கையைத் தட்டிவிடுவதற்குள் ஆக்ஸிலேட்டரிலிருந்து அவன் கால் நழுவியது. எஞ்சின் இருமியது. அடங்கிவிட்டது.

இப்போது தண்ணீர் தன் வேலையைத் தொடங்கியது. ஜீப்பின் பின்புறத்தைத் தள்ளித் தள்ளி ஓரத்துக் கல்மேல் கொண்டுபோய் இடித்தது. அந்தக் கல்லுக்கு அப்பால் பள்ளம். பக்கவாட்டில் முட்டிய தண்ணீர் எழும்பி உள்ளே புகுந்தது; டிரங்குப் பெட்டி மிதந்தது. அம்சவள்ளியின் பட்டுப் புடவை இடுப்பு வரைக்கும் ஊறிப்போயிற்று.

"எல்லாரும் இறங்குங்க!" என்றார் கோதண்டபாணி கரையிலிருந்து. "யாரும் இறங்காதீங்க! ஹாரன் அடி! நான் அப்பவே சொன்னேன்!"

அக்கரையில் குப்பம்மாள் ஆரத்தித் தட்டைப் பக்கத்திலிருந்தவள் கையில் கொடுத்துவிட்டாள். "கேட்டீங்களா எல்லாரும்? ஊருக்குள்ள காலு வைக்கலை, அதுக்குள்ள பின்னால கூப்பாடு! வண்டியும் நின்னு போச்சு! எனக்கு இந்தப் பேஜாரே வேணாம். வாங்க, வீட்டுக்குப் போவலாம்!"

ஓடையின் இரைச்சலையும் மீறி அந்தப் பேச்சு ஜீப்புக்குக் கேட்டது. கிருஷ்ணசாமி தலையில் கை வைத்துக்கொண்டார். அம்சவள்ளி அழுதிருக்க வேண்டும். எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். அவளுக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மாமா, பின்னால கூப்டா இன்னா பண்ணணும்?"

"உக்காந்து தண்ணி குடிச்சிட்டுக் கிளம்பணும்மா."

"நான் உக்காந்துக்கினுதானே இருக்கேன்?"

அவள் குனிந்தாள். ஜீப்புக்குள் புரண்டுகொண்டிருந்த செந்நிற வெள்ளத்தை இரண்டு கையாலும் அள்ளினாள். மண்ணும் சருகுமாக ஒரே மடக்கில் குடித்தாள். பிறகு எழுந்து நின்று, மணப்பெண் குரலை உயர்த்தக் கூடாது என்பதையெல்லாம் ஓடையில் விட்டுவிட்டு, அக்கரைக்குக் கேட்கும்படி கத்தினாள்: "குடிச்சிட்டேன் அத்தே! சகுனம் சரியாப் போச்சு! அங்கியே இருங்க, வந்துக்கினே இருக்கேன்!" மாமனைப் பார்த்து, "நீயும் குடி" என்றாள். அவர் குடித்தார். குடிக்காமல் என்ன செய்வார்? "அண்ணே, வண்டிய எடு" என்றாள்.

எஞ்சின் எழும்பவில்லை. தாண்டவராயன் கியரை விடாமல் ஸ்டார்ட்டர் பித்தானை மிதித்தான். பாட்டரியின் பலத்திலேயே ஜீப் ஒரு முழம் தத்தியது. மறுபடி மிதித்தான். மறுபடி ஒரு முழம். பின் சக்கரம் கல்லைவிட்டு விலகியது. அப்படியே இழுத்து இழுத்து, பாட்டரி சாகிற நேரத்தில் முன் சக்கரங்கள் அக்கரைச் சேற்றில் ஏறின. மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் ஓடி வந்து பிடித்து இழுத்தார்கள்.

குப்பம்மாள் போகவில்லை. ஜீப்பிலிருந்து இறங்கிய பெண்ணின் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். "அடிப் பாவிப் பொண்ணே, வாயெல்லாம் சேறு" என்று தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். "வா, நேரமாவுது" என்றாள். தாலி நல்ல நேரத்துக்குள் ஏறியது.

இக்கரையில் கோதண்டபாணி பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் மட்டும் ஒரு சத்தம் போடலைன்னா என்னா ஆயிருக்கும்? யோசிச்சுப் பாரு!" வெள்ளம் வடிந்ததும் கிளியனூருக்கே நேரில் போய், "கல்யாணத்த கரை சேத்தவன் நான், எனக்கு ஒரு தாம்பூலம் கெடையாதா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டும் வந்தார்.

அவர் கதை இருக்கட்டும். உங்களை ஒன்று கேட்கிறேன். நடு ஓடையில் எஞ்சின் அடங்கியதே, அப்போது உங்களுக்கு என்ன தோன்றியது? அந்தப் பெண் என்ன பாடு படுகிறாளோ என்றா? இல்லை, "மாமனைப் பின்னால் உட்கார வைத்திருக்க வேண்டும், மரக்காணம் ரோட்டில் சுற்றிக்கொண்டு போயிருக்கலாம், ஐப்பசியில் கல்யாணம் வைத்ததே பிசகு" என்றா? சங்கடப்படாதீர்கள். கொஞ்சம் நகர்ந்து நின்றுகொள்ளுங்கள். கரையில் எத்தனை பேர் வந்தாலும் இடம் உண்டு. தண்ணீரைக் குடிக்கத்தான் ஆள் அகப்படுவதில்லை.